பத்தடிக்கு ஒரு குவியல்

மும்பை ஏழு ஏரிகளிலிருந்து குடிநீர் குடிக்கிறது. விஹாரும் துளசியும் நகரத்துக்குள்ளேயே கிடக்கின்றன. மற்றவை வடக்கே மலையடிவாரங்களில், தொலைவிலுள்ளவை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கிருந்து வரும் தண்ணீரில் ஒரு பெரும் பங்கு தாணே நகரத்துக்கு அடியில், பாறைக்குள் குடைந்த சுமார் 15 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியாகப் பாண்டூப் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர்கிறது. 2023ஆம் ஆண்டு கோடை பிறக்கும் நேரத்தில் அந்தச் சுரங்கத்தில் பெரிய கசிவு என்ற செய்தி வந்தது. மார்ச் 31 முதல் ஒரு மாதத்துக்கு நகரத்தின் தண்ணீரில் 15 விழுக்காடு வெட்டு என்று மாநகராட்சி அறிவித்தது. அந்த ஆண்டு மழை பொய்க்கவில்லை, அணை எதுவும் உடையவில்லை. தாணேயில் ஓரிடத்தில் போட்ட ஆழ்துளைக் கிணறு கீழே போய்ச் சுரங்கத்தைத் துளைத்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

போர் என்றால், அதாவது ஆழ்துளைக் கிணறு என்றால், புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிக்காரர்களான எங்களுக்கு ஆகாயத்திலிருந்து விழுந்த செய்தி இல்லை. எங்கள் பக்கத்தில் போர் போடாத தோட்டம் கிடையாது. சில அங்குலத் துளை ஒன்று, ஒரு கோடிக்கும் மேலானோர் வாழும் நகரத்தின் குடத்தைக் குறைத்துவிட முடியும் என்ற செய்தியில் என்னை உட்கார வைத்துவிட்டது அந்தத் துளையின் வலிமை மட்டும் இல்லை. சுரங்கம் எந்த வழியாகப் போகிறது என்பது மாநகராட்சியின் வரைபடத்தில் இருந்தது. துளை போட்டவரின் கைக்கு அது எட்டவில்லை, அல்லது எட்டியும் மதிக்கப்படவில்லை. மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற அறிவு ஓரிடத்தில் இருந்தது, துளை வேறோர் இடத்தில் விழுந்தது. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

நகரத்துக்கு அடியில் தண்ணீர்ச் சுரங்கம் வெட்டப் போகிறவர்கள் முதலில் மண்வெட்டியைத் தொடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் விசாரிக்கிறார்கள். சுரங்கம் வெட்டும் எந்திரம் ஒருமுறை பூமிக்குள் இறங்கிவிட்டால் திரும்பி வர வழியில்லை. அது வெட்டிய பாதையில் பின்னாலேயே வளையம் வளையமாகக் கான்கிரீட் சுவர் எழும்பிவிடும். அதன் முகம் பின்னால் இருக்கும் பாதையைவிடப் பெரியது. கெட்டிப் பாறைக்குப் பூட்டும் வெட்டுருளை வேறு, களிக்கும் மணலுக்கும் பூட்டும் பற்கள் வேறு. சென்னை மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் வெட்டியவர்கள் இதை நன்றாக அனுபவித்தவர்கள். வடக்கே மணலும் களியும், தெற்கே சார்னோக்கைட் பாறை, நடுவில் சில இடங்களில் எந்திர முகத்தின் மேல்பாதிக்கு மண், கீழ்ப்பாதிக்குப் பாறை. மண்ணுக்கேற்ற வேகத்தில் போனால் பாறை பல்லை உடைக்கும். பாறைக்கேற்ற நிதானத்தில் போனால் மேலே உள்ள மண் சரியும்.

விசாரணை நடையில் தொடங்கும். நிலவியலாளர் வழித்தடம் முழுக்க நடந்து, பாறை தலை காட்டும் இடங்களையெல்லாம் குறிப்பார்: கல்குவாரி, பழைய கிணற்றின் உட்சுவர், சாலைக்கு வெட்டிய மேடு. மும்பையின் பாறை சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அலையலையாய்ப் பரவி இறுகிய பசால்ட். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் சாம்பல் படிந்த அடுக்கு இருக்கும். உடைசல் கல் சேர்ந்து இறுகிய அடுக்கு இருக்கும். ஏரி வண்டல் உறைந்த மெல்லிய களிக்கல்லும் இருக்கும். பசால்ட் சுரங்கத்தைத் தாங்கி நிற்கும், இந்த இடையடுக்குகள் காற்றும் ஈரமும் பட்டதும் உதிரத் தொடங்கும். ஆகவே எந்த ஆழத்தில் எந்த அடுக்கு, எந்தப் பக்கம் சரிந்து போகிறது என்பது உயிர்நாடியான கேள்வி.

அடுத்து மின்தடை அளவீடு. நான்கு இரும்புக் கம்பிகளை நேர்கோட்டில் நட்டு, வெளிக்கம்பிகளில் மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளில் அளப்பது. எங்கள் தோட்டங்களுக்கு நீரோட்டம் பார்க்க வரும் ‘ஜியாலஜிஸ்ட்’ கொண்டுவருவதும் இதே கம்பிகள்தான். தேங்காயை உள்ளங்கையில் நிறுத்திப் பார்ப்பவரையும் வேப்பங்குச்சியைப் பிடித்து நடப்பவரையும் கூப்பிட்ட அதே தோட்டத்துக்கு அவரும் வருவார். கம்பிகளை அகட்ட அகட்ட மின்சாரம் ஆழத்துக்குப் போகும். கீழே ஏதோ மாறுகிறது என்று காட்டும். மாறியது என்ன என்பதைத் துளையிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் துளை நம் போரைப் போன்றதில்லை. வைரத் துணுக்குகள் பதித்த வளையம் சுழன்று இறங்கும். நடுவில் மிஞ்சும் பாறைத் தண்டு அப்படியே குழாய்க்குள் ஏறிக்கொள்ளும். ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை குழாயை மேலே எடுத்து, தண்டை நீளப் பெட்டியில் அடுக்குவார்கள். புத்தகம் படிப்பதுபோல இடமிருந்து வலமாக, வரிவரியாக அடுக்குவது வழக்கம். ஒவ்வொரு எடுப்பின் முடிவிலும் ஒரு மரக்கட்டை வைத்து, ஆழத்தைப் பெயின்ட்டில் எழுதுவார்கள். தண்ணீர் தெளித்துத் துடைத்தால் பாறையின் நிறம் தெரியும். விரிசலில் துரு ஏறியிருந்தால் அந்த வழியாக ஒரு காலத்தில் தண்ணீர் ஓடியிருக்கிறது என்று பொருள். பச்சைக் களி படிந்திருந்தால் பாறை அந்த இடத்தில் வழுக்கும்.

பிறகு ஓர் எளிய கணக்கு. 1960களில் டியர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் சொல்லிக் கொடுத்தது. இன்றும் உலகமெங்கும் போடுகிறார்கள். ஓர் எடுப்பில் பத்து சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள துண்டுகளை மட்டும் கூட்டி, மொத்த நீளத்தால் வகுக்க வேண்டும். ஒன்றரை மீட்டரில் அப்படிப்பட்ட துண்டுகள் ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் தேறினால் 80 விழுக்காடு, நல்ல பாறை. தொண்ணூறுக்கு மேல் போனால் மிக நல்லது, இருபத்தைந்துக்குக் கீழே இறங்கினால் மிக மோசம். பள்ளிப் பிள்ளை போடும் கணக்குத்தான். அதற்குப் பின்னால் ஒரு கூர்மையான கவனம் இருக்கிறது. பெட்டியில் சில இடங்கள் வெறுமையாக இருக்கும். துளை இறங்கிய ஆழத்துக்குத் தண்டு முழுதாக வந்திருக்காது, பாறை நொறுங்கித் தண்ணீரோடு கழுவிப் போயிருக்கும். அனுபவசாலியின் கண் முதலில் அங்கேதான் போகும். மண்ணில் மிகப் பலவீனமான இடம் தன்னைப் பற்றிய சான்றை மேலே அனுப்பாது. எது வரவில்லை என்று எழுதி வைப்பதும் பதிவின் பாதி.

தண்ணீர்ச் சுரங்கத்துக்கு இன்னொரு சோதனை தவறாமல் உண்டு. துளைக்குள் குறிப்பிட்ட நீளத்தை ரப்பர் பைகளால் மேலும் கீழும் அடைத்து, நடுவில் தண்ணீரை அழுத்திச் செலுத்தி, பாறை எவ்வளவு குடிக்கிறது என்று அளப்பது. சுவிட்சர்லாந்தின் நிலவியலாளர் லூஜான் 1933இல் வகுத்த முறை, அளவுக்கும் அவர் பெயரே. ரயில் சுரங்கத்துக்கு வெளித்தண்ணீர் உள்ளே வருவதுதான் கவலை. தண்ணீர்ச் சுரங்கத்துக்குக் கவலை இரண்டு. வெட்டும்போது வெளித்தண்ணீர் உள்ளே பாயும். வெட்டி முடித்து நீர் நிரப்பிய பிறகு உள்ளே இருக்கும் அழுத்தம் விரிசல் தேடும். பாறை குடித்த ஒவ்வொரு லிட்டரும் நாளை நகரம் இழக்கப்போகும் தண்ணீரின் முன்னறிவிப்பு.

*

இந்த விசாரணையின் பொறுமைக்கு வரலாற்றில் எனக்குப் பிடித்த சான்று நியூயார்க்கின் ஹட்சன் ஆறு. நகரத்துக்குக் கேட்ஸ்கில் மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவர 1905இல் தனி வாரியம் அமைத்தார்கள். வழியில் ஹட்சனைக் கடக்க வேண்டும். ஸ்டார்ம் கிங் மலையும் பிரேக்நெக் மலையும் ஆற்றின் இரு கரைகளிலும் கருங்கல்லாய் எதிரெதிரே நிற்கும் இடத்தைத் தேர்ந்தார்கள். கரையில் கெட்டிப் பாறை இருக்கிறது, ஆற்றுக்கு அடியிலும் அதே பாறை இருக்கும். ஆனால் எத்தனை அடியில்?

படகில் எந்திரத்தை நிறுத்தி ஆற்றின் நடுவே துளை போட்டார்கள். வண்டல், மணல், உருளைக்கல், மறுபடி வண்டல். பனிக்காலத்தில் பனிக்கட்டிகள் வந்து மோதும்; கப்பல்கள் குறுக்கே போகும். நடு ஆற்றில் மிக ஆழமாகப் போன துளை 768 அடிக்கு இறங்கியது, பாறை தட்டவேயில்லை. பனியுகத்தில் பனிப்பாளங்கள் அறுத்துவிட்டுப் போன பள்ளத்தாக்கு, வண்டலால் நிரம்பிக் கண்ணுக்கு மறைந்து கிடந்தது.

இந்த நிலையில் அவர்கள் ஊகித்துக்கொண்டு வேலையைத் தொடங்கவில்லை. இரு கரைகளிலும் செங்குத்தாகக் கிணறு இறக்கினார்கள். கிணற்றுக்குள்ளிருந்து ஆற்றின் அடியை நோக்கிச் சாய்வாக வைரத் துளைகளை அனுப்பினார்கள். எதிரெதிர்க் கரையிலிருந்து புறப்பட்ட முதல் இணை ஏறக்குறைய 1,500 அடி ஆழத்தில் குறுக்கே சந்தித்தது. வழி முழுக்க நல்ல பாறை. அடுத்த இணையைச் சற்று மேலே, 950 அடி அளவில் அனுப்பினார்கள். அங்கும் நல்ல பாறை. அதன் பிறகே சுரங்கத்தை 1,100 அடி ஆழத்தில் வைப்பது என்று முடிவானது. 1912 ஜனவரியில் இரு பக்கத்துச் சுரங்கங்களும் ஆற்றுக்கு அடியில் கைகுலுக்கின.

அந்த விசாரணையில் உடனிருந்த நிலவியலாளர் சார்லஸ் பெர்க்கி, துளைகள் சொன்னதையெல்லாம் தொகுத்து 1911இல் ஒரு நூலாக எழுதினார். நியூயார்க் மாநில அருங்காட்சியகம் அதை வெளியிட்டது. சுரங்கம் இணைவதற்கு முன்பே அந்த ஊர் மண்ணைப் பற்றிய அறிவு பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டது. நூறாண்டு கழித்தும் யாரும் எடுத்துப் படிக்கலாம். பாறையைத் துளைத்ததைவிட எனக்கு இது பெரிய செயலாகத் தோன்றுகிறது.

அத்தனை செய்தும் மண் தன்னை முழுதாகக் காட்டிவிடுவதில்லை. அதே நகரத்துக்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டிய டெலவேர் நீர்வழி 137 கிலோமீட்டர் நீளம். சுண்ணாம்புப் பாறையைக் கடக்கும் பகுதிகளில் அது வெடித்துக் கசியத் தொடங்கியது. நாளொன்றுக்கு 13 கோடி லிட்டர் வரை மண்ணுக்குள் போனது. வாவர்சிங் என்ற சிற்றூரில் வீடுகளின் அடித்தளத்தில் தண்ணீர் ஊறியது. கடைசியில் ஹட்சனுக்கு 600 அடி கீழே, இரும்புக் கவசத்தோடு நான்கு கிலோமீட்டர் மாற்றுச் சுரங்கம் வெட்டினார்கள். 2019இல் எந்திரம் அக்கரை சேர்ந்தது.

நிலவியலாளர்கள் வரையும் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் தெரிந்திருக்கும். துளை போட்ட இடத்தில் அடுக்கின் எல்லை உறுதியான கோடாக இருக்கும். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவில் அதே எல்லை புள்ளிக்கோடாக மாறும். நிச்சயம் இல்லாத இடத்தில் கேள்விக்குறியே போட்டுவிடுவார்கள். பல கோடி ரூபாய்ப் பணிக்கான அரசு ஆவணத்தில், கையெழுத்திட்ட வல்லுநர் ‘இங்கே எனக்குத் தெரியாது’ என்று வரைந்து காட்டுகிறார். தண்டின் குறுக்களவு ஐந்து சென்டிமீட்டர். துளைகளுக்கு இடையே சில நூறு மீட்டர். கண்ணால் கண்டது துளி, ஊகித்தது மலை. அந்தப் புள்ளிக்கோட்டில் இருக்கும் நேர்மையை நான் மதிக்கிறேன். அது துளையை ஒரு நாள் வேலையாக விடுவதில்லை. அடுத்து வருகிறவர் அதே இடத்தில் இன்னொரு துளை போட்டால் புள்ளிக்கோடு உறுதிக்கோடு ஆகும். ஒரு தலைமுறை அறிந்ததை அடுத்த தலைமுறை அழுத்தி எழுதும்.

*

இப்போது ஆலங்குடிக்கு வருகிறேன்.

புதுக்கோட்டை மாவட்டம் இரண்டு நிலங்கள் ஒட்டிக்கிடக்கும் மாவட்டம். மேற்கே நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம் எல்லாம் பூமியின் மிகப் பழைய பாறைகள் தலைதூக்கி நிற்கும் இடங்கள். கிழக்கே வரவர அந்தப் பாறை தாழ்ந்து போகிறது. அதன் மேல் கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் சொல்லும் படிவு தடித்துக்கொண்டே கடற்கரையை நோக்கிச் சரிகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைப் பொத்தி வைத்திருப்பதும், தஞ்சைக்குப் பக்கத்தில் வல்லத்து மேட்டில் தெரிவதும், ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், நெடுவாசல் தோட்டங்களுக்கு அடியில் கிடப்பதும் ஒரே குடும்பத்துப் படிவு. மேலே செம்மண், அதற்கடியில் செம்புறாங்கல். வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் உளுந்துக்குப் பெயர் வாங்கியதும் இந்தச் செம்மண்ணில்தான்.

இரண்டு நிலத்துக்கும் போர் வேறு. மேற்கே கம்ப்ரசர் காற்றில் அடிக்கும் வண்டி பாறையை இடித்துத் தூளாக்கும். வெள்ளைப் புழுதி எழும்பும். அங்கே தண்ணீர் விரிசலில் இருக்கும். விரிசல் அகப்பட்டால் தோட்டம், அகப்படாவிட்டால் கடன். கிழக்கே ரோட்டரி வண்டி சேற்றுநீரைச் சுழலவிட்டு மண்ணை அறுத்து இறங்கும். மணலடுக்கும் களியடுக்கும் மாறிமாறி வரும். தண்ணீர் மணலில் நிற்கும். இங்கே கேள்வி, எந்த மணலை நம்பிக் குழாய் வைப்பது என்பது.

அந்த முடிவை எடுக்கும் முறை அழகானது. ரோட்டரி ஓடும்போது துளையிலிருந்து சேறு வாய்க்கால் வழியாகக் குழிக்கு வந்துகொண்டே இருக்கும். பத்தடிக்கு ஒருமுறை வண்டிப் பையன் கையால் அள்ளி, தண்ணீரில் அலசி, தரையில் வரிசையாக வைத்துக்கொண்டு போவான். முதல் குவியல் செங்காவி. அடுத்தடுத்து மஞ்சள். பிறகு விரலில் மாவுபோல ஒட்டும் வெள்ளைக் களி. அதற்குக் கீழே பரல் கலந்த மணல், சில நேரம் சாம்பல் நிறத்தில் ஒரு களி, மறுபடி மணல். ஆழத்தில் ஒரு பெருமணல் வரும்போது டிரில்லர் குந்தி உட்கார்ந்து, ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்ப்பார்.

“அண்ணே, இந்தா பாருங்க, மணலு நல்லாப் பரலா வருது. ஃபில்டர இந்த எடத்துல நிறுத்திருவோம். மேல வந்ததெல்லாம் பொடி மணலு, அங்க வச்சா மோட்டாருக்குள்ள ஏறிரும்.”

“நீங்க பாத்து வைங்க தம்பி, ஒங்களுக்குத் தெரியாததா.”

பிறகு குழாய் இறங்கும்: வெறுங்குழாய், ஃபில்டர் குழாய், மறுபடி வெறுங்குழாய். சுற்றிலும் கூழாங்கல் கொட்டுவார்கள். கம்ப்ரசர் ஓடும். முதலில் சேறு, பிறகு கலங்கல், பிறகு தெளிந்த நீர். வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் முகம் மலரும். சூடம் கொளுத்துவார்கள். வண்டி பின்னால் வந்து திரும்பும்போது டயர் அந்தக் குவியல்களின் மேல் ஏறிப் போகும்.

சுரங்க விசாரணையில் பெட்டியில் அடுக்கி வைக்கும் தண்டும் இந்த வரிசையும் ஒன்றே. ஒரு தோட்டத்தின் அடியில் பல நூறு அடிக்கு என்ன இருக்கிறது என்பதற்கு எங்களிடம் அந்த வரிசையைவிட நல்ல சான்று இல்லை. சுரங்கம் வெட்டுபவர்கள் சில நூறு மீட்டருக்கு ஒரு துளை போட்டுத் திருப்தி அடைகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒரே தோட்டத்தில் ஓடும் போர் ஒன்றும் செத்த போர் இரண்டும் இருக்கும். உலகத்தின் பெரிய நகரங்கள்கூடத் தங்கள் அடிநிலத்தை இவ்வளவு நெருக்கமாகத் துளைத்துப் பார்த்திருக்குமா என்பது ஐயமே. அத்தனை துளைகளும் சொன்னது, போட்டவரின் நினைவில் இருக்கிறது. அவர் போனால் அதுவும் போய்விடும்.

2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை கைவிட்ட போருக்குள் விழுந்தது. பக்கத்தில் இன்னொரு குழி வெட்டிக் காப்பாற்றப் போராடினார்கள். கெட்டிப் பாறை எந்திரங்களை நிறுத்தி நிறுத்திச் சோதித்தது. நாள்கள் கடந்தன, குழந்தை பிழைக்கவில்லை. கைவிட்ட போரை மூடியிருக்க வேண்டும் என்பதுதான் முதலும் முடிவுமான பாடம். கூடவே எனக்கு நெஞ்சில் தைப்பது இன்னொன்று. ஒரு போர் போடும்போது பாறை எத்தனை அடியில் தட்டியது என்பதைக் கூலிக்கணக்குக்காகவாவது போட்டவர் பார்த்திருப்பார். எத்தனை அடி கேசிங், எத்தனை அடி பாறை என்று பில் போட்டுப் பணம் வாங்கும் தொழில் அது. அந்த எண்ணிக்கை பில்லோடு போய்விடுகிறது. ஊருக்கென்று எங்கும் எழுதி வைப்பதில்லை.

*

ஒரு துளை சொன்னதைக் கேட்டு, கேட்டதை ஊருக்குச் சொன்ன மனிதர் நம்மிடமே இருந்திருக்கிறார். 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது கறுப்பாய் ஏதோ வெளிவந்தது. தண்ணீர் வந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு அதை அவர் ஒதுக்கித் தள்ளியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை, அரசுக்குத் தெரிவித்தார். 1940களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அங்கே துளையிட்டு ஆராய்ந்தது. அந்தப் பழுப்பு நிலக்கரியை எடுக்க 1956இல் நிறுவனம் எழுந்தது. அந்தச் சுரங்கத்தின் நன்மை தீமைகளைப் பற்றி, நிலம் இழந்தவர்களைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. இங்கே நான் சொல்ல வருவது முதல் கணத்தை மட்டும். எங்கள் தோட்டங்களுக்கு அடியில் ஓடும் அதே கடலூர் மணற்கல் படிவில், சேற்றோடு வந்த ஒரு நிறத்தைப் பார்த்து ஒருவர் நின்றார்.

மறுபக்கமும் உண்டு. 2017 பிப்ரவரியில் நாட்டின் சிறு எண்ணெய், எரிவாயு வயல்களைத் தனியாருக்கு ஒதுக்க மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தபோது, அந்தப் பட்டியலில் நெடுவாசல் இருந்தது. ஓ.என்.ஜி.சி. முன்பே துளையிட்டுக் கண்டறிந்து வைத்திருந்த வயல் அது. மறுநாளே ஊர் திரண்டது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகப் போராட உட்கார்ந்தார்கள்; தமிழ்நாடு முழுக்க அவர்களைத் திரும்பிப் பார்த்தது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது நெடுவாசல் இருக்கும் திருவரங்குளம் ஒன்றியமும் அதில் சேர்ந்தது.

அந்தப் போராட்டம் தண்ணீரையும் நிலத்தையும் காப்பதற்கானது. அதற்குள் இன்னொரு வேதனையும் இருந்தது என்று நான் நினைக்கிறேன். தன் காலடியில் பல்லாயிரம் அடிக்கு என்ன இருக்கிறது என்பது தொலைவிலுள்ள அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கிறது, அந்த மண்ணில் உழுகிறவருக்குத் தெரியாது. துளையிட்டவர்கள் வந்தார்கள், எடுத்தார்கள், எழுதினார்கள், போனார்கள். எழுதியதை ஊர்க்காரர் படிக்கும் மொழியில் ஊருக்குக் கொடுக்கவில்லை என்றால் அது முழுமையான விசாரணை ஆகாது. மண்ணிடம் கேட்டவர் மண்ணுக்குரியவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். நெடுவாசல் அந்தக் கடனைக் கேட்டது.

அந்தக் கேள்வி எங்களையும் நோக்கித் திரும்புகிறது. நாங்கள் போடும் போர் பற்றி நாங்களே என்ன வைத்திருக்கிறோம்? கஜா புயலுக்குப் பிறகு கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கத்து இளைஞர்கள் தாங்களே பணம் திரட்டிக் குளங்களைத் தூர்வாரினார்கள். நெஞ்சு நிமிரும் வேலை. குளத்தில் நின்ற தண்ணீர் கீழே எங்கே போகும் என்பதைக் குளத்துக்கு அடியிலுள்ள மண் முடிவு செய்யும். மணல் அடுக்கு தொடர்ந்து போனால் போருக்கு ஊறும். நடுவில் வெள்ளைக் களி தட்டாக விரிந்திருந்தால் தண்ணீர் மேலேயே நின்று வெயிலில் போகும். அங்கே களியைத் தாண்டி நீர் செறிவூட்டும் குழாய் இறக்க வேண்டும். எத்தனை அடிக்கு இறக்குவது? குளத்துக்கரைத் தோட்டத்தில் போர் போட்ட டிரில்லர் அந்தக் களியைக் கையில் பிசைந்து பார்த்திருக்கிறார். அந்தப் பதிவு இருந்தால் இளைஞர்களின் உழைப்பும் பணமும் சரியான ஆழத்துக்குப் போகும்.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012 முதல் நாடு முழுக்க நீர்தாங்கிப் படுகைகளை வரைந்துவருகிறது. அந்த வரைபடம் மாவட்டத்துக்கும் ஒன்றியத்துக்கும் வழிகாட்டும். ஒரு தோட்டத்தின், ஒரு குளத்தின் அளவுக்கு இறங்காது. அந்த அளவுக்கு இறங்கிய துளைகள் மக்களுடையவை. கிணறு தோண்ட அனுமதி, பதிவு என்றெல்லாம் பேசிய தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் 2003இல் நிறைவேறியது. நடைமுறையில் வேர் பிடிக்காமலேயே 2013இல் நீக்கப்பட்டது. விவசாயிகள் பதிவு என்ற சொல்லுக்கு அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. இன்றைக்குப் பதிவு, நாளைக்கு மீட்டர், அதற்கடுத்த நாள் வரி என்று அனுபவம் அவர்களை நினைக்க வைக்கிறது. அதனால்தான் மண்ணின் பதிவைத் தண்ணீரின் கணக்கிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். எவ்வளவு இறைக்கிறாய் என்பது ஒரு கேள்வி. கீழே என்ன கண்டாய் என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதால் யாருடைய தண்ணீரும் குறையாது.

செய்ய வேண்டியது மிகச் சிறியது. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நோட்டு. யார் போர் போட்டாலும் அதில் ஒரு பக்கம்: நிலம் எந்த இடம், எத்தனை அடி, பத்தடிக்குப் பத்தடி என்ன மண் வந்தது, தண்ணீர் முதலில் எங்கே தட்டியது, ஃபில்டர் எங்கே இருக்கிறது. டிரில்லர் சொல்ல, படித்த பிள்ளை ஒன்று எழுதிக்கொள்ளலாம். செங்காவி, மஞ்சள், வெள்ளைக் களி, பரல் மணல் என்று அவர் வாயில் வரும் சொல்லே போதும். குவியல்களைக் காகிதத்தில் வைத்து ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது. வறண்ட போருக்குத்தான் இரண்டு பக்கம் ஒதுக்க வேண்டும். தண்ணீர் கிடைக்காத துளைக்கு ஒரு குடும்பம் நகையை வைத்தோ ஆட்டை விற்றோ விலை கொடுத்திருக்கிறது. அந்த விலைக்கு ஊருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பொருள், இங்கே இந்த ஆழத்துக்கு இல்லை என்ற அறிவு. அதையும் தொலைத்துவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் அதே விலையை மறுபடி கொடுப்பார்.

பத்து ஆண்டில் அந்த நோட்டு, எந்தப் பல்கலைக்கழகமும் தனியாகச் சேர்த்துவிட முடியாத ஆவணமாகிவிடும். எந்த மணலடுக்கு தீர்ந்து வருகிறது, எது இன்னும் தாங்குகிறது, எந்தக் குளத்துநீர் எந்தத் தோட்டத்துக்கு ஊறுகிறது என்று ஊரே வரைந்து பார்க்கலாம். தெரியாத இடத்தில் புள்ளிக்கோடு போடட்டும். நாளை இந்த வழியாகக் கால்வாயோ குழாயோ சுரங்கமோ கொண்டுவர யார் வந்தாலும், அவர்கள் தங்கள் கருவிகளைப் பிரிக்குமுன் ஊர் அந்த நோட்டை எடுத்து முன்னே வைக்கும். அன்றைக்கு விசாரணை இரண்டு பக்கத்துப் பேச்சாக நடக்கும்.

நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு நீளமானது. அது இன்றைக்கு முடியாது. நிலத்தைப் பற்றிய அறிவு யாருக்குச் சொந்தம் என்பதை நாமே இன்றைக்கே முடிவு செய்யலாம். போர் போடுகிறவர் தண்ணீரைத் தன் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும். மண் சொன்னதை ஊருக்கு எழுதிக் கொடுக்கட்டும்.